கிழவிக்குப் பக்கத்தில் ஒரு வெளிச்சம்

ஆஹென்
2 மார்ச் 2025

ஆரணி,

உனக்குப் போன் பண்ணிப் பண்ணி என் கை ஓஞ்சுபோச்சு. வாட்ஸ்அப்ல ரெண்டு நீலக் கோடு விழுது, பதில் மட்டும் விழல. தபால்காரர் கொண்டுவந்து போட்டா கிழிச்செறியவாவது கையில எடுப்பல்ல, அதான் பேப்பர்ல எழுதுறேன். கையெழுத்து உனக்குப் பழகினதுதான். இங்க நம்ம பிளாட்ல ஃபிரிட்ஜ் கதவுல "பால் தீர்ந்துபோச்சு, ஆரணி முறை"ன்னு மூணு வருஷம் ஒட்டினவளோட கையெழுத்து.

என் பக்கத்தைச் சொல்றேன், கேளு. நீ உன் நட்சத்திரக் கட்டுரையைக் குழுவுல எல்லாருக்கும் அனுப்பி, வெள்ளிக்கிழமைக்குள்ள திருத்தம் சொல்லுங்கன்னு கேட்டிருந்த. அந்த எல்லாருல நானும் ஒருத்தி, ஏன்னா நட்சத்திர வேகத்தை அளக்கிற புரோகிராம் நான் இங்க மாஸ்டர்ஸ் பண்ணும்போது எழுதினது. ஆபீஸ் வேலையில வியாழக்கிழமைதான் படிக்க முடிஞ்சுது. படிச்ச உடனே உனக்குத்தான் கூப்பிட்டேன். நீ எடுக்கல. மறுநாளும் எடுக்கல. சாயந்திரம் பத்திரிகைக்கு அனுப்பிடுவேன்னு நீயே எழுதியிருந்த. வேற வழி தெரியாம எல்லாருக்கும் போற மாதிரி பதில் போட்டேன்: "இந்த ரெண்டாவது நட்சத்திரம் நிஜம்னு எனக்குத் தோணல." அந்த ஒரு வரியை இன்னும் பக்குவமா எழுதியிருக்கலாம். அதுக்கு ஸாரி. எழுதினதுக்கு ஸாரி இல்ல.

நான் வானியல் படிச்சவ இல்ல. எனக்குப் புரிஞ்சபடி சொல்றேன், தப்புன்னா திருத்து. ஒரு நட்சத்திரத்தோட வெளிச்சத்தைப் பிரிச்சா நடுநடுவுல கறுப்புக் கோடு விழும். அது நம்ம பக்கம் வந்தா கோடெல்லாம் நீலத்துப் பக்கம் கொஞ்சம் நகரும். விலகிப் போனா சிவப்புப் பக்கம். நகர்ந்த அளவை வெச்சுத்தான் வேகம். சிலியில இருக்கிற தொலைநோக்கி லட்சக்கணக்குல நட்சத்திரத்தைப் பார்த்துத் தள்ளுது. ஒவ்வொண்ணையும் மனுஷர் உக்காந்து அளக்க முடியாது, அதை என் புரோகிராம் செய்யுது.

நீ "கிழவி"ன்னு பேர் வெச்சியே, இரும்பே இல்லாத அந்த ரொம்பப் பழைய நட்சத்திரம், அவளோட கோடுகளுக்குப் பக்கத்துல, இரும்பு நிறைய இருக்கிற இன்னொரு செட் கோடு தெரியுது. மூணு இரவு பார்த்திருக்காங்க, மூணு இரவும் அந்த ரெண்டாவது செட் வேற வேற இடத்துல நிக்குது. அதனால கிழவிக்கு ஒரு சின்ன வயசு ஜோடி இருக்கு, ரெண்டும் ஒண்ணையொண்ணு சுத்துதுன்னு நீ எழுதியிருக்க. இப்படி வயசு பொருந்தாத ஜோடியை இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்லங்கிறதுதான் கட்டுரையே.

சரி. ஆனா கிழவி ஏன்டி அசையவே இல்ல? ஜோடின்னா ரெண்டும்தானே அசையணும்?

இன்னொண்ணு. பூமி ஓடுற வேகத்தைக் கணக்குல சரிபண்றோமே, அந்தத் திருத்தத்தை எடுத்துட்டு மூணு இரவையும் ஒரு தடவை பாரு. அவ்வளவுதான் கேட்கிறேன்.

திட்டணும்னா திட்டு. பேசாம மட்டும் இருக்காத.

ப்ரீத்தி


பொட்ஸ்டாம்
9 மார்ச் 2025

ப்ரீத்திக்கு,

கடிதம் கிடைச்சது. கிழிக்கேல்லை. நானும் தாளிலதான் எழுதுறன். போனில எண்டால் கத்தி உரப்பிப் போடுவன். இப்ப எனக்கு உரப்ப விருப்பமில்லை.

போன் எடுக்காததுக்குக் காரணம் சொல்லுறன். அந்த ரெண்டு நாளும் எசனில மச்சாளின்ர கலியாணவீடு. என்ர போன் அம்மாவின்ர கைப்பைக்குள்ள கிடந்தது. திங்கட்கிழமை நேரே ஸிட்சுங்குக்கு, குழுக் கூட்டத்துக்குப் போனன், மின்னஞ்சல் ஒண்டும் பார்க்கேல்லை. குழு முழுக்க மேசையைச் சுத்தி இருக்க, பேராசிரியை உன்ர வரியை உரத்து வாசிச்சுப்போட்டு, "ஆரணி, இதுக்கு என்ன சொல்லுறீர்?" எண்டு கேட்டா. அந்த வரியை நான் அப்பத்தான் முதல் முதல் கேட்கிறன். தண்ணிப் போத்தலைத் திறந்தன், மூடினன். பிறகு பார்த்துச் சொல்லுறன் எண்டன். எல்லாரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தினம்.

எனக்கு முதல் சொல்லியிருக்கலாம் ப்ரீத்தி. கட்டுரை போனால் போகட்டும் எண்டு விட்டிருந்தால் என்ன? அனுப்பினதைத் திரும்ப எடுக்கலாம். அந்த மேசையில நான் இருந்த இருப்பைத் திரும்ப எடுக்க ஏலாது.

நீ என்ன நினைக்கிறாய் எண்டு எனக்கு விளங்காமல் இல்லை. நிலவு வெளிச்சம் எண்டு நினைக்கிறாய். நட்சத்திரத்தைப் பார்க்கேக்கை அதோட சேர்ந்து வானத்து வெளிச்சமும் உள்ளுக்க வரும், அது எல்லாருக்கும் தெரியும். அதைக் கழிச்சுப்போட்டுத்தான் அளக்கிறம். கழிக்கிறது ஆர்? உன்ர புரோகிராம். அது சரியாய்க் கழிக்கேல்லை எண்டால் அது உன்ர பிழை, என்ர இல்லை.

கிழவி அசையாததைப் பற்றிக் கட்டுரையில எழுதியிருக்கிறன். அவளின்ர கோடுகள் மெலிசு. அவளின்ர அசைவு எங்கட அளவுப் பிழைக்குள்ள மறைஞ்சுபோயிருக்கும்.

உனக்குத் தெரியாத வேற விசயமும் இருக்கு. என்ர ஃபெர்ட்ராக், வேலை ஒப்பந்தம், செப்ரெம்பரோட முடியுது. இந்தக் கட்டுரை வந்தால் நீட்டலாம் எண்டு பேராசிரியை சொல்லியிருந்தா. அதைவிட, அம்மா. கலியாணவீட்டில வைச்சு நான் ஒரு வார்த்தை விட்டிட்டன், ஒரு புதுச் சோடி நட்சத்திரம் கண்டிருக்கிறன் எண்டு. அவ்வளவுதான். அவ வேலை செய்யிற முதியோர் இல்லத்தில இருக்கிற கிழவிகள் எல்லாருக்கும் இப்ப அது தெரியும். அம்மா ஆக்கள் இருக்கிற ஹம் நகரத்துத் தமிழ்ப் பாடசாலை யோகலிங்கம் மாஸ்ரர், எனக்கு ஆனா ஆவன்னா சொல்லித்தந்தவர், ஏப்ரல் அஞ்சாம் திகதி ஆண்டுவிழாவில எனக்குப் பொன்னாடை போடப்போறாராம். எசனில பெரிய மண்டபமே எடுத்திட்டினம்.

நீ கேட்டதை நான் செய்து பார்க்கேல்லை. பார்க்கவும் விருப்பமில்லை.

ஆரணி


ஆஹென்
13 மார்ச் 2025

ஆரணி,

ஸிட்சுங்ல அப்படி நடந்தது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லல. தெரிஞ்சிருந்தா முதல் கடிதத்துல ஃபிரிட்ஜ் ஜோக் எல்லாம் அடிச்சிருக்க மாட்டேன். உன் முகம் எப்படி இருந்திருக்கும்னு என்னால நினைக்க முடியுது. அப்படி ஒரு தடவை பார்த்திருக்கேன், ஜெர்மன் வாய்மொழித் தேர்வு முடிஞ்சு நீ பஸ் ஸ்டாப்ல நின்னப்போ. பக்கத்துல நிக்க முடியாமப் போச்சே.

அப்புறம், உன் கோபத்துலயே நீ ஒரு நல்ல கேள்வி கேட்டிருக்க. கழிக்கிறது யாரு? நான்தான். அதனால என் புரோகிராமைத் திறந்து வரி வரியா படிச்சேன். நாலு வருஷம் முன்னாடி எழுதினது, எவளோ எழுதின மாதிரி இருந்துச்சு.

ஒவ்வொரு தடவை வானத்தைப் பார்க்கும்போதும் நட்சத்திரமே இல்லாத வெறும் வானத்தையும் சில இடத்துல பார்ப்பாங்க, இல்லையா? அந்த வெற்று வானத்தோட வெளிச்சத்தை எல்லாம் சேர்த்து ஒரு சராசரி எடுத்து, அதையே எல்லா நட்சத்திரத்துலயும் கழிச்சிருக்கேன். வானம் பூரா வெளிச்சம் ஒரே அளவு இருக்கும்னு எடுத்துக்கிட்டேன். தெளிஞ்ச வானத்துக்கு அது சரி. மெல்லிசா மேகம் ஓடி, அதுமேல நிலா அடிச்சா ஒரு பக்கம் பளிச்சுன்னும் இன்னொரு பக்கம் மங்கலாவும் இருக்கும். பளிச்சுன்னு இருக்கிற பக்கம் மாட்டின நட்சத்திரத்துல பாதி நிலா மிச்சம் நின்னுடும்.

அதனால இது தப்புன்னா, ஆமா, என் தப்பு. பேராசிரியைக்கு அப்படித்தான் எழுதுவேன். உன் பேர் வராது.

ஆனா இது தப்பான்னு எனக்கு இன்னும் தெரியாது. அந்த மூணு இரவோட டேட்டா என்கிட்டயும் இருக்கு, பத்து நிமிஷ வேலை. நான் தொடல. ஒரு தடவை உனக்கு முன்னாடி ஓடினது போதும். உன் நட்சத்திரம், நீ பாரு. பார்த்துட்டு என்கிட்ட சொல்லணும்னுகூட இல்ல.

கடைத்தெருவுல நல்ல கத்தரிக்கா வந்திருக்கு. நீ செய்யற மாதிரி பொரிச்ச குழம்பு செஞ்சு பார்த்தேன். தேங்காய்ப்பால் திரிஞ்சுபோச்சு.

ப்ரீத்தி


பொட்ஸ்டாம்
23 மார்ச் 2025

என்ர ப்ரீத்தி,

பார்த்தன்.

உன்ர கடிதம் வந்து அஞ்சாறு நாள் பார்க்காமல் திரிஞ்சன். சமைச்சன், உடுப்புத் தோய்ச்சன், ஏரிக்கரையில நடந்தன். நேற்றுக் காலமை கோப்பியைப் போட்டு வைச்சிட்டு இருந்தன். பூமியின்ர வேகத்துக்குச் செய்த திருத்தத்தை எடுத்துவிட்டன். எடுத்தவுடன கிழவி மூண்டு இரவும் மூண்டு இடத்துக்குத் தள்ளுப்பட்டுப் போனாள். அது சரி, தூரத்து நட்சத்திரம் அப்படித்தான் போகவேணும். அவளின்ர சோடி மூண்டு இரவும் ஒரே இடத்தில வந்து நிண்டுது. சைபரில. எங்களை நோக்கி வரவுமில்லை, விலகிப் போகவுமில்லை.

எங்களோடயே நிக்கிற நட்சத்திரம் ஒண்டுதான் இருக்கு. அது சூரியன். சூரியன்ர வெளிச்சம் நிலவில பட்டு, நிலவிலயிருந்து மேகத்தில பட்டு, மேகத்திலயிருந்து எங்கட தொலைநோக்கிக்குள்ள விழுந்திருக்கு. அது அசைஞ்சது எண்டு நான் அளந்தது பூமியின்ர அசைவை. சிலியில அந்த இரவுகளில எழுதி வைச்ச வானிலைக் குறிப்பையும் எடுத்துப் பார்த்தன். மூண்டும் முழுநிலவுப் பறுவத்தை ஒட்டின நாள். மூண்டிலும் மெல்லிய மேகம் எண்டு எழுதியிருக்கு.

எட்டு மாதம் ப்ரீத்தி. எட்டு மாதமாய் அந்தச் சோடிக்கு வயது பார்த்தன், நிறை பார்த்தன், எப்பிடி ஒண்டுக்கொண்டு பக்கத்தில வந்து சேர்ந்திருக்கும் எண்டு கதை எழுதினன்.

முதல் அழுதன். பிறகு சிரிப்பு வந்தது. பிறகு கோப்பி ஆறிப்போச்சு எண்டு திரும்பவும் அழுதன்.

திங்கட்கிழமை பேராசிரியையிட்ட நானே போய்ச் சொல்லப்போறன். "ப்ரீத்தியின்ர பிழை" எண்டு சொல்லமாட்டன். புரோகிராம் மிச்சம் விட்ட வெளிச்சத்துக்கு நட்சத்திரம் எண்டு பேர் வைச்சது நான். போன கடிதத்தில நான் எழுதின அந்த வசனத்தை நீ மறந்துவிடு. நீ மறக்கமாட்டாய் எண்டு தெரியும். எண்டாலும் கேட்கிறன்.

இனி அம்மாவுக்குச் சொல்லவேணும். நேற்றுப் பின்னேரம் போன் எடுத்தன். தொடங்கமுதலே அவ சொல்லுறா, பதாகை அடிச்சாச்சாம், என்ர படத்துக்குப் பக்கத்தில பெரிய தொலைநோக்கி ஒண்டும் போட்டிருக்கினமாம். நான் என்ர சீவியத்தில தொலைநோக்கிக்குள்ள கண்ணை வைச்சதில்லை. என்ன நிறச் சீலை கட்டப்போறன் எண்டு கேட்டா. நீலம் எண்டன். வைச்சிட்டன்.

ஆரணி


ஆஹென்
27 மார்ச் 2025

ஆரணிக் குட்டி,

உன் கடிதத்தை ட்ராம் இல்லாத இந்த ஊர்ல பஸ்ல நின்னுக்கிட்டே படிச்சேன். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போச்சு. சைபர்ல வந்து நிண்டுதுன்னு நீ எழுதின இடத்துல எனக்குச் சந்தோஷம் வரணும், நான் சொன்னது சரியாச்சுல்ல. வரல. அந்தப் பொருந்தாத ஜோடி மேல எனக்கே கொஞ்சம் ஆசை வந்திருச்சு போல.

நீ எழுதினதுல ஒண்ணை மட்டும் சொல்றேன். நீ தப்பு பண்ணினேன்னு யாரும் கண்டுபிடிச்சு உன்னைப் பிடிக்கல. நீயே பார்த்த, நீயே போய்ச் சொல்லப் போற. இது வேற, அது வேற.

நானும் பேராசிரியைக்கு எழுதிட்டேன். புரோகிராமை எப்படி மாத்தணும்னு மூணு பக்கம். பதில் வந்துச்சு, திட்டுவாங்கன்னு நினைச்சேன், நன்றி சொல்லியிருக்காங்க. மொத்த நட்சத்திர சர்வே டேட்டாவையும் திரும்ப ஓட்டணுமாம். ஈஸ்டருக்கு லீவு போட்டு அதைத்தான் பண்ணப் போறேன்.

அம்மா விஷயம். ஆரணி, மேடை ஏறுறதுக்கு முன்னாடி சொல்லிடு. போன்ல முடியலன்னா ஒரு நாள் முன்னாடி ஹம் போ. சமையல்கட்டுல நிக்கும்போது சொல்லு, கையில வேலை இருக்கும்போது கேட்கிறது அவங்களுக்கும் சுலபம். விழாவை நிறுத்தச் சொல்லாத. அவங்களுக்கு மட்டும் முன்னாடியே தெரியட்டும்.

முறைக்காத. சொல்லணும்னு தோணுச்சு.

ப்ரீத்தி


பொட்ஸ்டாம்
8 ஏப்ரல் 2025

என்ர ப்ரீத்தி,

நீ சொன்னபடி வெள்ளிக்கிழமையே ஹம் போனன். சமையலறையில அம்மா தோசைக்கு அரைச்சுக்கொண்டு நிண்டா. நான் சொல்லத் தொடங்க வாயெடுக்க, பக்கத்து வீட்டு சுகன்யாதேவி அன்ரி சீலையோட வந்திட்டா, பிளவுஸ் அளவு பார்க்க. அவ போக அப்பா வந்திட்டார். பிறகு சித்தப்பா குடும்பம். பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டன், காலமை சொல்லுவம் எண்டு. காலமை எல்லாருக்கும் அவசரம். உண்மையைச் சொன்னால், நேரம் கிடைச்சது. அம்மா எனக்குப் பூ வைச்சுவிட்ட நேரம் நாங்கள் ரெண்டு பேர்தான் அறையில. அவ ஏதோ பழைய பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வைச்சுவிட்டா. நான் தலையைக் குனிஞ்சு குடுத்துக்கொண்டு இருந்தன்.

மண்டபம் நிறைஞ்சிருந்தது. முதல் தேவாரம், பிறகு சின்னப் பிள்ளையளின்ர நடனம். பிறகு யோகலிங்கம் மாஸ்ரர் என்னைக் கூப்பிட்டு, இவர் எங்கட பாடசாலைப் பிள்ளை, வானத்தில ஒருவரும் காணாததைக் கண்டவர் எண்டு தொடங்கினார். கையில பொன்னாடை. நான் அவரிட்ட, "மாஸ்ரர், போடமுதல் நான் ரெண்டு வார்த்தை கதைக்கலாமோ?" எண்டு கேட்டன். அவர் பிள்ளை பணிவாய்க் கேட்குது எண்டு நினைச்சு மைக்கைத் தந்தார்.

நான் எல்லாத்தையும் சொன்னன். கோடுகளைப் பற்றிச் சொன்னன், கிழவியைப் பற்றிச் சொன்னன், எட்டு மாதத்தைப் பற்றிச் சொன்னன். உன்ர பேரையும் சொன்னன், திண்டுக்கல்லில பிறந்த என்ர சிநேகிதி கேட்ட ஒரு கேள்வியால பிடிபட்டது எண்டு. கடைசியாய்ச் சொன்னன்: "நான் கண்டது எங்கட சூரியனை. அதை நீங்கள் எல்லாரும் எனக்கு முதலே கண்டிருக்கிறியள்."

பின்வரிசையில ஆரோ சிரிச்சினம். பகிடி பண்ணிற சிரிப்பில்லை, நல்ல சிரிப்பு. அதோட எல்லாரும் கைதட்டிச்சினம். யோகலிங்கம் மாஸ்ரர் பொன்னாடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "வாங்கியாச்சு பிள்ளை, போடத்தான் வேணும்" எண்டு மைக்கில சொல்லிப்போட்டுப் போட்டார். அதுக்குத்தான் கனக்கச் சிரிச்சது சனம்.

நான் மேடையிலயிருந்து அம்மாவைத் தேடினன். முதல் வரிசையில இருந்தா. அவ கைதட்டேல்லை. மடியில கையை வைச்சுக்கொண்டு இருந்தா.

வீட்டுக்குப் போகேக்கை அம்மாதான் கார் ஓட்டினா. அப்பா பின் சீற்றில நித்திரை, இல்லாட்டி நித்திரை மாதிரி. டோர்ட்மூண்ட் நகரத்தைத் தாண்டினம். நான்தான் கேட்டன், கோவமோ எண்டு.

"நட்சத்திரம் பிழைச்சதுக்கு எனக்கென்ன கோவம்? அதுகள் என்ர நட்சத்திரமோ," எண்டா. பிறகு கொஞ்சத் தூரம் போய்ச் சொன்னா: "எனக்கு முதல் சொல்லியிருக்கலாம். அவ்வளவு சனத்துக்கு நடுவில இருந்து, சனத்தோட சனமாய்க் கேட்டன்."

ப்ரீத்தி, அதே வார்த்தை. நான் உனக்கு எழுதின அதே வார்த்தை. நீ எண்டாலும் கூப்பிட்டுப் பார்த்தாய். நான் அவவுக்குப் பக்கத்தில நிண்டு பூ வைப்பிச்சுக்கொண்டு போய் அதைச் செய்தன்.

மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா எண்டன். அவ ஓம் எண்டா. அந்த ஓம் எனக்கு வடிவாய் விளங்கேல்லை. ஞாயிற்றுக்கிழமை ரெயில் நிலையத்தில இறக்கிவிடேக்கை வழமை மாதிரி சாப்பாட்டுப் பெட்டி தந்தா, கொஞ்சி அனுப்பேல்லை.

ஆரணி


ஆஹென்
14 ஏப்ரல் 2025

ஆரணிக் குட்டி,

இன்னைக்குப் புத்தாண்டு. தனியா பாயசம் வெச்சு, தனியா குடிச்சு, உனக்கு எழுதுறேன்.

உங்க யோகலிங்கம் மாஸ்டர் பொன்னாடை போட்ட இடத்துல வாய்விட்டுச் சிரிச்சேன். அடுத்த பக்கத்துக்கு வந்ததும் சிரிப்பு போயிடுச்சு. அம்மாகிட்ட இப்ப எதுவும் விளக்கப் போகாத. விளக்கம்னா நம்ம ரெண்டு பேருக்கும் உசிரு. அவங்களுக்கு வேணுங்கிறது அது இல்ல. உன் நாள் எப்படிப் போச்சுன்னு தினமும் ரெண்டு வரி சொல்லு. நல்லதோ கெட்டதோ, நடந்த அன்னைக்கே சொல்லு. மத்தவங்களுக்கு முன்னாடி சேதி தனக்கு வருதுன்னு அவங்களுக்கே தெரியும்.

எனக்கு எப்படித் தெரியும்னு கேட்பல்ல? நீ பேசாம இருந்த அந்த நாட்கள்ல எனக்கு உன் விளக்கம் ஒண்ணும் வேண்டியிருக்கல. நீ என்ன சமைச்சேன்னு யாராவது சொன்னாப் போதும்னு இருந்துச்சு.

இங்க புரோகிராம் புதுசாச்சு. இப்ப ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் அதுக்குப் பக்கத்து வானத்தை மட்டும் பார்த்துக் கழிக்குது. சோதிச்சுப் பார்க்க, முன்னாடி "ஜோடி"ன்னு குறிச்சிருந்த இருநூத்துச் சொச்சத்தையும் ஓட்டினேன். ஒண்ணொண்ணா கலையுது. கிழவி மட்டும் இல்லடி, ஊரெல்லாம் நம்ம சூரியனுக்குக் கல்யாணம் பண்ணி வெச்சிருக்கோம். வேற வேற நாட்டுக் குழுக்கள் இந்த லிஸ்டை நம்பி வேலை செய்யறாங்க. நீ கிழவியைப் பிடிக்கலன்னா இது இன்னும் நாலு வருஷம் ஓடியிருக்கும்.

மிச்சம் நிக்கிறதை உனக்கு அனுப்பியிருக்கேன். பார்க்கிறது உன் வேலை.

ப்ரீத்தி


பொட்ஸ்டாம்
20 ஜூலை 2025

என்ர ப்ரீத்தி,

நெடுக போனில கதைக்கிறம், எண்டாலும் இதைத் தாளில எழுதவேணும் போல இருந்தது.

அம்மா வந்து போனா. நான் கூப்பிடேல்லை, நீ சொன்னபடி ஒவ்வொரு நாளும் ரெண்டு வரி அனுப்பிக்கொண்டிருந்தன். முதல் ஒரு கிழமை பதிலே இல்லை. பிறகு "சாப்பிட்டியோ" எண்டு மட்டும் வரும். பிறகு ஒரு நாள், நான் இண்டைக்கு ஒண்டும் சரிவரேல்லை எண்டு எழுதினதுக்கு, தன்ர வேலையில ஒரு கிழவி தன்னைக் கள்ளி எண்டு பேசினதை எழுதினா. அப்பிடியே தொடங்கிச்சுது. போன வெள்ளி, லீவு போட்டிட்டன், பெர்லினுக்கு ரிக்கற் எடுத்திட்டன் எண்டு செய்தி. தனியாய், மூண்டு இடத்தில ரெயில் மாறி, ஒரு பெட்டி நிறையப் பலகாரத்தோட வந்து இறங்கினா.

சனிக்கிழமை நிறுவனத்துக்குக் கூட்டிக்கொண்டு போனன். தொலைநோக்கி எங்கை எண்டு கேட்டா. அது சிலியில, இஞ்சை கொம்பியூட்டர் மட்டும்தான் எண்டன். என்ர கதிரையில இருந்தா. எதைக் காட்ட எண்டு நான் யோசிக்க, "முதல் அந்த இல்லாததைக் காட்டு. இருக்கிறதைப் பிறகு பாப்பம்" எண்டா.

கிழவியின்ர படத்தை எடுத்தன். எது கிழவியின்ர கோடு, எது மற்றது எண்டு விரலால காட்டினன். அவ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கன நேரம் பார்த்தா. "இதுதானோ எங்கட சூரியன்?" எண்டு கேட்டா. ஓம் எண்டன். "வடிவாய்த்தான் இருக்கு," எண்டா. பிறகு நான் என்ன பிழைவிட்டன் எண்டதை முதலிலயிருந்து சொல்லச் சொன்னா. மேடையில சொன்ன மாதிரி இல்லாமல், அவவுக்கு மட்டும், ஆறுதலாய்ச் சொன்னன். நடுவில நாலைஞ்சு கேள்வி கேட்டா. போகேக்கை ரெயிலடியில கொஞ்சிப்போட்டுத்தான் ஏறினா.

ஃபெர்ட்ராக் நீட்டினது ஆறு மாதம்தான். பேராசிரியை கேட்டது ஒரு வருசம், கிடைச்சது அவ்வளவுதான். அதுக்குள்ள முடிக்கவேணும். ஆய்வின்ர தலைப்பும் மாறிப்போச்சு. இனி அது இல்லாத சோடிகளைப் பிடிக்கிற முறையைப் பற்றினது. உன்ர பேர் என்ர பேருக்குப் பக்கத்தில வருது, அதுக்கு நீ மறுத்துக் கதைக்கக்கூடாது.

இப்ப முக்கியமானது. நீ அனுப்பின மிச்சத்தில ஒண்டை நான் ரெண்டு மாதமாய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறன். ரெண்டும் பழசு. ரெண்டிலயும் இரும்பு இல்லை. அஞ்சு இரவுக்கு அளவு இருக்கு. ஒண்டு நீலத்துப் பக்கம் போகேக்கை மற்றது சிவப்புப் பக்கம் போகுது. ஒரு இரவில ரெண்டின்ர கோடுகளும் ஒண்டாய்ச் சேர்ந்து ஒரு கோடாய் நிக்குது, அடுத்த இரவில இடம் மாறித் திரும்பப் பிரியுது. அந்த அஞ்சில ரெண்டு இரவு அமாவாசைக்குப் பக்கம்.

இதை நான் ஒருத்தருக்கும் காட்டேல்லை. பேராசிரியைக்கும் இல்லை. அம்மாவுக்கு மட்டும், ஒண்டு பார்த்துக்கொண்டிருக்கிறன் எண்டு சொன்னன். எல்லா அளவையும் உனக்கு அனுப்புறன். நீ இரக்கம் பார்க்காதை. எங்கையெங்கை உடைக்கலாமோ அங்கை உடைச்சுப் பார். சரிவராது எண்டால் அதை எனக்குச் சொல்லு, நான் தாங்குவன்.

உன்ர
ஆரணி


ஆஹென்
3 ஆகஸ்ட் 2025

ஆரணிக் குட்டி,

ஒரு வாரம் லீவு போட்டு உன் ஜோடியை உடைக்கப் பார்த்தேன்.

முதல்ல நிலாவைத் தேடினேன். பூமியோட திருத்தத்தை எடுத்துட்டுப் பார்த்தேன், எதுவும் சைபர்ல வந்து நிக்கல. பக்கத்து நட்சத்திரத்தோட வெளிச்சம் ஏதாவது வழிஞ்சு வந்திருக்கான்னு பார்த்தேன். பக்கத்துல அவ்வளவு பளிச்சுன்னு எதுவும் இல்ல. என் புது புரோகிராம் மேலயே நம்பிக்கை இல்லாம, அதை விட்டுட்டு, கோடுகளை ஒவ்வொண்ணா கையால அளந்தேன். கண்ணு பூத்துப் போச்சு. ஆபீஸ்ல கூட வேலை செய்யற யூட்சன்கிட்ட, இது என்னன்னே சொல்லாம, வெறும் எண்ணா குடுத்து, இதுல ஏதாவது ஒழுங்கு இருக்கான்னு கேட்டேன். அவன் ஒரு தாள்ல ரெண்டு அலை வரைஞ்சு கொடுத்தான். ஒண்ணு ஏறும்போது ஒண்ணு இறங்குது.

நேத்து மத்தியானம் வரைக்கும் விடல. எனக்கே வெறுப்பு வந்து ஜன்னலைத் திறந்து வெச்சுட்டு உக்காந்தேன். கீழ தெருவுல யாரோ சைக்கிள் ரிப்பேர் பண்ணிட்டிருந்தாங்க. நீ அனுப்பின உங்க அம்மா பலகாரத்துல கடைசி ரெண்டைச் சாப்பிட்டேன்.

அப்புறம் இன்னொரு தடவை முதல்லேர்ந்து பார்த்தேன். ஆரணி, எனக்குத் தெரிஞ்ச எல்லா வழியிலயும் பார்த்துட்டேன். தப்பு கிடைக்கல. இருக்காங்க, ரெண்டு பேரும்.

அம்மாகிட்ட சொல்லிட்டு, அனுப்பு.

ப்ரீத்தி